கொல்லைத் தொட்டி ஆமைக்கு ஓடு பிய்ந்து ரத்தம் – எது கடித்திருக்கும்? அவசரம்

வேப்பங்கொழுந்து (இழை தொடங்கியவர்) | காலை 6.52
வணக்கம். எங்கள் ஆமை பட்டுவுக்கு அடிபட்டிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் ஓட்டின் பின்பக்க ஓரம் பிய்ந்து ரத்தம். நேற்று சாயங்காலம் நன்றாகத்தான் தீனி எடுத்தது. எது செய்திருக்கும்? என்ன போடுவது? மஞ்சள் வைக்கலாமா? எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்ப வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள். படம் ஏறவில்லை.

கயல்_மீன் | காலை 7.03
என்ன வகை ஆமை? எந்த ஊர்? எவ்வளவு பெரிசு? தொட்டியா, மண் குளமா? வேறு ஆமை, மீன் ஏதாவது கூட இருக்கிறதா?

ராயப்பன் | காலை 7.05
தெருநாய்தான், சந்தேகமே வேண்டாம். எங்கள் வீட்டு முயலும் இப்படித்தான் போச்சு. சத்தமே கேட்காது.

சுழல்காற்று | காலை 7.11
தொட்டிக்குள் மோட்டார் போட்டிருக்கிறீர்களா? உறிஞ்சுகிற வாயில் கம்பி வலை இல்லையென்றால் காலை இழுத்துவிடும். முதலில் மோட்டாரைக் கழற்றிப் பாருங்கள்.

ஓட்டுக்குள் | காலை 7.20
இந்தத் தலைப்பில் மாதம் ஓர் இழை வருகிறது, பழையதைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. பரவாயில்லை, இன்னொரு முறை எழுதுகிறேன்.

ஆமை ஓடு நகம் மாதிரி செத்த பொருள் இல்லை. மேலே மெல்லிய கொம்புத் தகடு, அதற்குக் கீழே எலும்பு. விலா எலும்பும் முதுகெலும்பும் அதோடு ஒட்டி வளர்ந்தவை. வலிக்கும், ரத்தம் வரும், சீழும் பிடிக்கும்.

முதலில் தொட்டியை விட்டு வெளியே எடுங்கள். அழுக்குத் தண்ணீரில் திறந்த புண் கிடக்கக் கூடாது. பெட்டாடினைப் பால் விடாத டீத்தண்ணி நிறத்துக்குக் கலக்கிக் கழுவிவிட்டு, அகலமான பிளாஸ்டிக் டப்பில் சுத்தமான துணி விரித்து வீட்டுக்குள் வையுங்கள். ஈ மொய்க்க விடாதீர்கள், புண்ணில் முட்டை இட்டால் புழு வைத்துவிடும். நீர் ஆமை ஆயிற்றே, செத்துவிடாதா என்று பதற வேண்டாம். ஒரு நாள் ஈரமில்லாமல் கிடந்தால் ஒன்றும் ஆகாது. மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் கிட்டேயே வரக் கூடாது. அப்புறம் டாக்டர்.

வேப்பங்கொழுந்து | காலை 7.31
ரெட் இயர்டு ஸ்லைடர். திருச்சி. என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு, ஆறு வருஷமாக வளர்க்கிறோம். சிமெண்டுத் தொட்டி. சுற்றுச்சுவர் ஐந்தடி, கேட் பூட்டியிருந்தது, நாய் வர வழியே இல்லை. மோட்டார் உண்டு. மஞ்சள் வைத்துவிட்டேன். கிளம்புகிறேன்.

ஓட்டுக்குள் | காலை 7.33
எழுதினதைப் படிக்கிற வழக்கமே இல்லை போல.

சுழல்காற்று | காலை 7.34
மோட்டார் உண்டு என்கிறாரே. சொன்னேன் அல்லவா?

தாத்தாச்சாரி | காலை 8.15
தம்பி தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. காயம் ஆறினதும் கோயில் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். புண்ணியமாகப் போகும்.

கயல்_மீன் | காலை 8.22
ஐயா, அது மட்டும் வேண்டவே வேண்டாம். இது மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. உலகத்தில் மிக மோசமாகப் பரவும் நூறு அந்நிய உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் இதுவும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே இறக்குமதியை நிறுத்தியது. நம் குளத்தில் விட்டால் நம் ஊர் ஆமைகளுக்குத் தீனியும் போச்சு, வெயில் காயும் இடமும் போச்சு.

பேனாக்கத்தி | காலை 8.40
அந்தப் பழமொழியில் வருவது விலங்கே இல்லை. கல்லாமை, இயலாமை, பொறாமை – இந்த 'ஆமை'கள் புகுந்த வீடுதான் உருப்படாது. பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் ஐயா சொன்னது.

தாத்தாச்சாரி | காலை 8.52
அப்படியானால் அமீனா எதற்குத் தம்பி கூட வருகிறார்? கோர்ட்டு ஆள் ஜப்திக்கு வருவது நிஜமான ஆள் வருவதுதானே. ஒன்று நிஜம், இன்னொன்று உருவகமா?

பேனாக்கத்தி | காலை 8.59
எதுகை மோனைக்காகச் சேர்த்திருப்பார்கள்.

தாத்தாச்சாரி | காலை 9.04
மோனைக்கு ஆமையும் அமீனாவும் போதும். பொறாமையை நீங்கள் கொண்டுவந்து சேர்க்கிறீர்கள்.

மாட்டுக்காரன்_கரூர் | காலை 9.30
புழு வைத்தால் ஐவர்மெக்டின் ஒரு சொட்டு போதும். எங்கள் மாட்டுக்கு அதுதான் போட்டோம், இரண்டே நாளில் சுத்தம்.

ஓட்டுக்குள் | காலை 9.34
யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். ஆமைக்கு ஐவர்மெக்டின் விஷம். மூளைக்குள் போய் கைகால் விளங்காமல் செத்துவிடும். மாட்டுக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் ஆமைக்கு ஒத்துக்கொள்ளாது. இதையும் பழைய இழைகளில் எழுதியிருக்கிறேன்.

மாட்டுக்காரன்_கரூர் | காலை 9.41
தெரியாமல் சொல்லிவிட்டேன், சரி. அதற்கு இவ்வளவு சூடு எதற்கு சார்?

சட்டாம்பிள்ளை | காலை 10.10
ஆமை வளர்ப்பதே குற்றம் இல்லையா? வனத்துறைக்குத் தெரிந்தால் உள்ளே போட்டுவிடுவார்கள்.

கயல்_மீன் | காலை 10.18
நம் நாட்டு ஆமை என்றால் குற்றம். பாலாமையும் நட்சத்திர ஆமையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இவருடையது வெளிநாட்டு ஆமை, அந்த அட்டவணையில் வராது. இந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிட்டுக் காயத்துக்கு வருவோமா?

வேப்பங்கொழுந்து, வீட்டில் யாராவது இருந்தால் புண்ணைக் கிட்டத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஓட்டில் குழி குழியாக ஓட்டையா, நீளக் கோடா? கோடு என்றால் ஒற்றையா, இரண்டு இரண்டாகவா? அடிப்பக்க ஓட்டிலும் இருக்கிறதா? நகம், வால் சரியாக இருக்கிறதா? எங்கே கிடந்தது, தண்ணீரிலா, மேட்டிலா?

ராயப்பன் | காலை 10.25
ஐந்தடிச் சுவரை நாய் தாண்டும். நானே பார்த்திருக்கிறேன்.

நிலாச்சோறு | காலை 11.02
ஒருவேளை தோல் உரிகிறதோ? எங்கள் ஆமைக்கும் ஓடு உரிந்தது, அலறி அடித்து ஓடினோம். கடைசியில் அது சாதாரணம் என்றார்கள்.

ஓட்டுக்குள் | காலை 11.06
உரிவது வெங்காயச் சருகு போல முழுத் தகடாக வரும். ரத்தம் வராது. இவர் ரத்தம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டார்.

வேப்பங்கொழுந்து | மதியம் 1.17
சாப்பாட்டு நேரம், வேகமாக எழுதுகிறேன். அம்மாவிடம் போனில் கேட்டேன். மஞ்சளைக் கழுவியாயிற்று, டப்பில் துணி விரித்துக் கூடத்தில் இருக்கிறது.

பின் ஓரத்தில் மட்டும்தானாம். கடலை மிட்டாயைக் கொறித்த மாதிரி வளைவாகக் குறைந்திருக்கிறது, அந்த வளைவுக்குள் உளியால் சுரண்டின மாதிரி கோடுகள், இரண்டு இரண்டாக. நடுவில் வெள்ளையாகத் தெரிகிறது. இடது பின்னங்காலில் இரண்டு நகம் இல்லை. அடி ஓட்டில் ஒன்றும் இல்லை. தொட்டிக்குள் சாய்வாக வைத்த செங்கல் மேல் கிடந்தது. ராத்திரி எப்போதும் அங்கேதான் தூங்கும். இன்னொரு சின்ன ஆமை இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை, அது தண்ணீரிலேயே கிடக்கும்.

ஓட்டுக்குள் | மதியம் 1.20
இன்னொரு ஆமை இருப்பது இப்போதுதான் வெளியே வருகிறது.

சிங்கப்பூர்_செல்வி | மதியம் 1.26
அப்படியானால் அந்தச் சின்னதுதான் கடித்திருக்கும். என்னிடம் இரண்டு இருந்தபோது ஒன்றின் வாலை மற்றது கடித்தே எடுத்துவிட்டது.

கயல்_மீன் | மதியம் 1.44
செல்வி அக்கா, வாலையும் தோலையும் ஆமை கடிக்கும். ஆனால் ஆமைக்குப் பல் கிடையாது, அலகுதான். உளிக் கோடு விழாது. நாய் கவ்வினால் மேலும் கீழும் பல் பதியும், அடி ஓட்டில் ஒன்றும் இல்லை என்கிறார். மோட்டார் நகத்தைப் பிடுங்கலாம், ஓட்டின் ஓரத்தை இப்படி வளைவாகக் கொறிக்காது. கீரி என்றால் தலையையும் காலையும் விட்டுவைத்திருக்காது.

இரண்டு இரண்டாகக் கோடு என்றால் கொறிக்கும் பிராணியின் முன்பல். எனக்கென்னவோ பெருச்சாளி என்று படுகிறது. உங்கள் கொல்லையில் துணி துவைக்கும் கல் இருக்கிறதா? சோப்பு காணாமல் போகிறதா? சுவர் ஓரம் புது மண் தள்ளின வளை இருக்கிறதா?

வேப்பங்கொழுந்து | மதியம் 1.52
அக்கா, சோப்பு! பத்து நாளாக அம்மா காக்காய் தூக்குகிறது என்று திட்டிக்கொண்டே இருக்கிறார். நேற்றுப் பாதி சோப்பு துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கிடந்தது, அதிலும் இரண்டு இரண்டாகக் கோடு. வளை பற்றி அம்மாவைப் பார்க்கச் சொல்கிறேன்.

சுழல்காற்று | மதியம் 1.58
சோப்புக்கும் ஆமைக்கும் என்ன சம்பந்தம்?

கயல்_மீன் | மதியம் 2.10
பல்லுக்குச் சம்பந்தம். மார்கழி ராத்திரியில் தண்ணீர் குளிர்ந்தால் ஆமைக்கு உடம்புச் சூடும் இறங்கும், அசையக்கூடச் சோம்பல் படும். செங்கல் மேல் தூங்குகிறது, தொட்டிச் சுவரும் உயரமில்லை போலிருக்கிறது. பெருச்சாளிக்கு அது ஒரு தேங்காய்ச் சிரட்டை மாதிரிதான். சின்னது தண்ணீரில் கிடந்ததால் தப்பித்தது.

வெள்ளையாகத் தெரிவது எலும்பு. அதனால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், எக்ஸ்ரே கேளுங்கள். பக்கத்தில் கிடைக்காவிட்டால் ஒரத்தநாட்டிலோ நாமக்கல்லிலோ கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும் முன் போன் செய்து, ஊர்வன பார்க்கிறவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கைவேலை_கணேசன் | மதியம் 2.31
உடைந்த இடத்தில் எம்சீல் வைத்து அடைத்தால் போதும். தண்ணீர் போகாது. வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான் ஒட்டுகிறார்கள்.

ஓட்டுக்குள் | மதியம் 2.34
வெளிநாட்டில் புண்ணைச் சுத்தம் செய்து, கிருமி இல்லை என்று உறுதியான பிறகு டாக்டர் ஒட்டுவார். எலி வாய் பட்ட புண்ணை அடைத்தால் சீழ் உள்ளேயே குடித்தனம் நடத்தும். பெருச்சாளி என்பதுதான் என் கருத்தும். கயல் முந்திக்கொண்டார்.

நிலாச்சோறு | மதியம் 2.50
ஒரு சின்ன விஷயம். எங்கள் வீட்டில் குழந்தைகள் இருப்பதால் கேட்கிறேன், ஆமையைத் தொட்டால் கை கழுவ வேண்டுமாமே?

கயல்_மீன் | மதியம் 3.02
ஆமாம், சோப்புப் போட்டு. பார்க்க நன்றாக இருக்கும் ஆமையிடமும் சால்மோனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கும். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமையைச் செல்லப்பிராணியாக விற்க 1975லேயே தடை போட்டார்கள், குழந்தைகள் வாயில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதால். ஆமை டப்பைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் கூடாது.

பேனாக்கத்தி | மாலை 4.15
தாத்தாச்சாரி ஐயா, யோசித்துப் பார்த்தேன். அமீனா விஷயத்தில் நீங்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழ் ஐயாவை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாத்தாச்சாரி | மாலை 4.40
ஐயாவை விட்டுக்கொடுக்க வேண்டாம் தம்பி. பழமொழியை மட்டும் விட்டுவிடுங்கள்.

கயல்_மீன் | மறுநாள் காலை 9.12
வேப்பங்கொழுந்து, பட்டு எப்படி இருக்கிறது?

ராயப்பன் | மறுநாள் மாலை 6.30
ஆளைக் காணோம். வழக்கம்தான்.

வேப்பங்கொழுந்து | ஆறாம் நாள் இரவு 10.05
மன்னிக்கவும், அலைச்சல். டாக்டர் பார்த்ததுமே எலிப் பல் என்றார். எக்ஸ்ரேயில் விரிசல் உள்ளே போகவில்லை. முன்னங்காலில் ஊசி, ஒருநாள் விட்டு ஒருநாள். தினம் ஒரு மணி நேரம் மட்டும் சுத்தத் தண்ணீர். நேற்று முதல் தடவையாக இரண்டு புழு சாப்பிட்டது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வளை இருந்தது, கூண்டில் தேங்காய்ச் சில்லு வைத்தோம், இரண்டு மாட்டின. தொட்டி மேல் கம்பி வலை மூடி போடுகிறோம். இன்னொன்று, முன்னங்கால் நகம் இவ்வளவு நீளமாக இருந்தால் ஆண் என்றார் டாக்டர். அம்மா இன்னும் பட்டு என்றுதான் கூப்பிடுகிறார். எல்லோருக்கும் நன்றி.

சுழல்காற்று | ஆறாம் நாள் இரவு 10.21
நல்லது. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தீர்களா?