வெளிநாட்டில் கார் டெலிவரி எடுத்து சென்னை துறைமுகத்தில் இறக்கியவர்கள் உதவவும்

வணக்கம். ஜெர்மனியில் தயாரிப்பாளரிடமே புதுக் கார் எடுத்து, கன்டெய்னரில் சென்னைக்குக் கொண்டுவந்து, தண்டையார்பேட்டை ஆர்டிஓவில் டிஎன் 03 பதிவு வாங்குவதாகத் திட்டம். இறக்குமதி விதி கேட்கும் வலதுபக்க ஸ்டியரிங், கிலோமீட்டர் ஸ்பீடோமீட்டர் இரண்டும் சரி.

சிக்கல் நம்பர் பிளேட்டில். டெலிவரி எடுத்த கையோடு அங்கே சாலையில் ஓட்ட ஏற்றுமதி பிளேட் வேண்டும். வலது ஓரத்தில் சிவப்புப் பட்டையும் காலாவதி தேதியும் இருக்குமே, அதுதான். அதுவும் ஒரு பதிவுதான். ஆனால் இறக்குமதிக்கு முன் எந்த நாட்டிலும் பதிவாகாத வண்டியைத்தான் நம் விதி 'புதியது' என்கிறது. பதிவானால் பழைய வண்டிக் கணக்கு. அதை மும்பைத் துறைமுகத்தில்தான் இறக்க முடியும், நிபந்தனைகளும் வேறு. இதைக் கவனிக்காமல் ஐரோப்பாவில் நாலு நாள் ஓட்டிப் பார்க்கும் ஆசையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதனால் பிளேட்டே போடாமல், டிரெய்லரில் ஏற்றி ஹாம்பர்க் துறைமுகத்துக்கு அனுப்புவதே சரி என்று படுகிறது.

தெரிய வேண்டியவை: ராஜாஜி சாலை கஸ்டம்ஸில் ஓடோமீட்டர் அளவைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்களா? பதிவாகவில்லை என்பதற்குத் தயாரிப்பாளர் கடிதம் போதுமா? மதிப்பீட்டுக்கு இன்வாய்ஸோடு வேறென்ன கேட்டார்கள்?

கன்டெய்னரில் கட்டும்போது பெல்ட்டை டயரைச் சுற்றிப் போடச் சொல்லலாமா? சஸ்பென்ஷன் கம்பியில் கட்டினால் கடல் ஆட்டத்தில் வளைந்துவிடுமோ என்ற பயம். பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றி அனுப்பியவர்கள், இங்கே இறக்கியபின் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கை எப்படி விடுவித்தீர்கள்?

ராயபுரம், பாரிமுனைப் பக்கம் கார் கிளியரிங் நன்றாகத் தெரிந்த ஏஜென்ட் இருந்தால் சொல்லுங்கள். டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) ஏறுவதற்குள் பேப்பர் முடிய வேண்டும்.