ஆணிப் பட்டறையிலிருந்து சங்கிலிப் பட்டறைக்கு: மாமனார் குடும்பத்தின் வேரைத் தேடிய அனுபவம்

என் மனைவியின் ஊர் இங்கிலாந்தில், பர்மிங்காமுக்கு மேற்கே உள்ள பிளாக் கன்ட்ரி. ஒரு காலத்தில் நிலக்கரிப் புகையும் உலைகளும் நிறைந்திருந்த பகுதி. மாமனார் ஓய்வு பெற்ற வெல்டர். தங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே இரும்பு வேலைதான் என்று பெருமையாகச் சொல்வார். ஆனால் தன் தாத்தாவுக்கு மேலே யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. பெரிய இடத்துக் குடும்பம் என்றால் உயில் இருக்கும், நிலப் பத்திரம் இருக்கும், சுவரில் ஓவியம்கூட மாட்டியிருக்கும். கூலிக்குச் சம்மட்டி பிடித்தவர்கள் வீட்டில் இதெல்லாம் ஏது? பல ஆவணங்களில் கையெழுத்துகூடக் கிடையாது, வெறும் பெருக்கல் குறிதான். அப்படிப்பட்ட குடும்பத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கித் தொடர முடிகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தேடலை இன்றிலிருந்து தொடங்கிப் பின்னால் போவதுதான் முறை. 1941-ல் போர் காரணமாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1931 கணக்கெடுப்பின் தாள்கள் 1942-ல் தீயில் அழிந்துவிட்டன. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது 1939 செப்டம்பர் 29-ம் தேதி எடுத்த தேசியப் பதிவேடு. அதில் மாமனாரின் தாத்தா சங்கிலி செய்பவர். பாட்டிக்கு நேரே "சம்பளமில்லாத வீட்டு வேலை" என்று எழுதியிருந்தது. மாமனார் அதைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். போர் தொடங்கும்வரை அந்தப் பாட்டி கொல்லைப்புறப் பட்டறையில் சங்கிலி அடித்தவர் என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறாராம். அங்கேயே எனக்கு ஒன்று உறைத்தது: இந்தத் தாள்களில் பெண்களின் உழைப்பை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

1921 கணக்கெடுப்பை 2022 ஜனவரியில்தான் திறந்துவிட்டார்கள். அதில் வேலை கொடுத்தவர் பெயரும் வேலை செய்த இடமும் இருப்பதால், தாத்தா எந்தத் தொழிற்சாலைக்குப் போனார் என்பது சுலபமாகக் கிடைத்தது.

அதற்கு மேலே போனால்தான் சிக்கல். தொழிலை வைத்தே ஆளை அடையாளம் காணலாம் என்று பலர் சொல்வார்கள். அந்த வட்டாரத்தில் அது மட்டும் போதாது, ஏனென்றால் தெருவில் பாதிப் பேருக்கு ஒரே தொழில். பெயரும் அப்படித்தான்: ஜோசப், தாமஸ், வில்லியம் என்று அதே சில பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். அப்பா, மகன், சித்தப்பா மகன் மூவருக்கும் ஒரே பெயர், மூவரும் ஆணி அடிப்பவர்கள். இந்த முடிச்சை அவிழ்க்க உதவியது தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்கியது. பதிவுத் துறையின் இப்போதைய இணைய அட்டவணையில் அந்த ஆண்டிலிருந்தே தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். பழைய அட்டவணையில் அது 1911-க்குப் பிறகுதான் வரும். தாயின் பெயரைப் போட்டுத் தேடியதும் ஒரே பெயர்க்காரர்கள் தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிந்தார்கள். அதனால் இந்த மாதிரிக் குடும்பங்களைத் தேடுபவர்களுக்கு நான் சொல்வது: பெண்களைப் பின்தொடருங்கள். திருமணச் சான்றிதழில் 2021 மே வரை இரு பக்கத்து அப்பாக்களின் பெயரும் தொழிலும்தான் இருந்தன, அம்மாக்களுக்கு இடமே இல்லை. ஆனால் வழி காட்டுவது அந்த அம்மாக்கள்தான்.

கொள்ளுப்பாட்டி விஷயத்தில் இது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. 1887 திருமணப் பதிவில் அவரும் கணவரும் பெருக்கல் குறிதான் போட்டிருக்கிறார்கள். 1891-லும் 1901-லும் அவருடைய தொழில் கட்டம் காலி. 1911 தாள் வேறு மாதிரி. வீட்டுக்காரர்களே நிரப்பிய தாள் பாதுகாக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பு அது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை யாராவது நிரப்பியிருக்க வேண்டும், எழுத்து அவ்வளவு திருத்தமாக இருந்தது. கொள்ளுப்பாட்டிக்கு நேரே "சங்கிலி செய்பவர், வீட்டில்" என்று தெளிவாக இருக்கிறது. பக்கத்துக் கட்டங்களில் பிறந்த குழந்தைகள் பதினொன்று, உயிரோடு இருப்பவர்கள் ஆறு, இறந்தவர்கள் ஐந்து. அந்த ஐந்து பேரையும் தாயின் பெயரை வைத்து ஒவ்வொருவராகத் தேடி எடுத்தோம். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கும் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அது வழக்கம்தான், ஆனாலும் படிக்கும்போது மனசு கனத்துவிட்டது.

அந்தத் தாளின் தேதி 1911 ஏப்ரல் 2. அதற்கு ஆறு மாதத்துக்கு முன்னால்தான் அவர்கள் வாழ்ந்த கிராட்லி ஹீத் ஊரில் சங்கிலி செய்யும் பெண்களின் போராட்டம் முடிந்திருந்தது. 1909-ல் வந்த சட்டத்தின்படி அமைந்த வாரியம் அவர்களுக்கு மணிக்கு 2½ பென்ஸ் குறைந்தபட்சக் கூலி என்று முடிவு செய்தது. 54 மணி நேர வாரத்துக்கு 11 ஷில்லிங் 3 பென்ஸ் வரும் (அப்போது 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). பலர் அதுவரை அதில் பாதிதான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளிகள் அதைத் தள்ளிப்போட, "புதிய கூலி வேண்டாம்" என்ற பொருள்பட ஒரு காகிதத்தை நீட்டினார்கள். படிக்கத் தெரியாத பெண்கள் பலர் அதில் குறி போட்டுவிட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் மேரி மெக்ஆர்தர் தலைமையில் நூற்றுக்கணக்கான பெண்கள் பத்து வாரம் நின்று ஜெயித்தார்கள். நன்கொடை சுமார் 4,000 பவுண்டு சேர்ந்தது. மிச்சப் பணத்தில் 1912-ல் தொழிலாளர் மன்றம் ஒன்று கட்டினார்கள். அந்தக் கட்டடத்தைப் பிரித்து எடுத்துவந்து டட்லியில் உள்ள பிளாக் கன்ட்ரி அருங்காட்சியகத்தில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அவசியம் பார்க்க வேண்டிய இடம்.

கொள்ளுப்பாட்டி அந்தப் பெண்களோடு தெருவில் நின்றாரா என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூலி அவருடைய கூலி, அது நிச்சயம்.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்த கதை வேறு: கொள்ளுத்தாத்தா டைட்டானிக் கப்பலுக்குச் சங்கிலி செய்தார் என்பது. டைட்டானிக்கின் நங்கூரங்கள் பக்கத்து ஊரான நெதர்டனில், ஹிங்லி தொழிற்சாலையில் உருவானவை என்பது உண்மை. நடு நங்கூரம் 15 டன்னுக்கு மேல். அதை இருபது குதிரைகள் பூட்டி டட்லி ரயில் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். ஆனால் 1911-ல் கொள்ளுத்தாத்தா வீட்டுப் பட்டறையில் சின்னச் சங்கிலி அடித்துக்கொண்டிருந்தவர். கப்பல் சங்கிலியின் ஒரு வளையத்தைத் தூக்கவே தனியாள் போதாது. மாமனாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்புறம் அவரே கேட்டார், "பாட்டி கதையை ஏன் யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை?"

சங்கிலிக்கு முன்னால் ஆணி. 1814-ல் பிறந்த மூதாதை ஹேல்ஸோவனில் ஆணி அடித்தவர். ஆணி வியாபாரியிடம் இரும்புக் கம்பியை எடைபோட்டு வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்ன உலையில் குடும்பமே அடிக்கும். சின்னப் பிள்ளைகள் துருத்தி ஊதும். இடைத்தரகர்கள் சிலர் கூலியைக் காசாகக் கொடுக்காமல் தங்கள் கடைச் சாமானாகக் கொடுத்தார்கள். 1831-ல் சட்டம் தடுத்தும் அது சட்டென்று ஒழியவில்லை. இயந்திர ஆணி வந்ததும் கைத்தொழில் நசிந்தது. அவருடைய மகன் ஸ்டவர் ஆற்றைத் தாண்டிக் கிராட்லி ஹீத்துக்குப் போய்ச் சங்கிலிக்கு மாறினார். கை வேலை கிட்டத்தட்ட அதேதான், அடிக்கிற பொருள்தான் மாறியது.

இந்த ஊர்களில் தேடுபவர்கள் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எல்லையைக் கவனியுங்கள். ஹேல்ஸோவன் 1844 வரை ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த தனித்துண்டு. பிறகு வொர்ஸ்டர்ஷயர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்டாஃபோர்ட்ஷயர். சில மைல் தூரத்துக்குள் ஒரே குடும்பம் மூன்று கவுன்டிகளில் பதிவாகியிருக்கிறது. இணையத்தில் தேடும்போது கவுன்டியைத் தேர்ந்தெடுக்காமல் தேடுவது நல்லது. 1841 கணக்கெடுப்பில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 27 வயது மூதாதை அதனால்தான் 25 என்று இருக்கிறார்.

1813 முதல் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு அச்சிட்ட படிவமாக மாறி, அப்பாவின் தொழிலையும் கேட்டது. அதில் மூதாதையின் அப்பாவும் ஆணி அடிப்பவர்தான். அதற்கு முந்தைய பக்கங்களில் பெரும்பாலும் வெறும் பெயர்கள். ஆனால் 1662 சட்டத்தின் கீழ், ஒரு ஏழைக் குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பு எந்தப் பாரிஷுக்கு (தேவாலய வட்டாரத்துக்கு) என்று நீதிபதிகள் விசாரித்த வாக்குமூலங்கள் கவுன்டி ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. எங்கே பிறந்தார், யாரிடம் தொழில் பழகினார், எங்கெல்லாம் வேலை செய்தார் என்று ஒரு ஏழையின் முழு வாழ்க்கையும் அதில் கிடைக்கும். அடுத்து தேடப்போவது அதைத்தான். மாமனாரும் கூட வருகிறேன் என்கிறார்.