கோடு மெலிந்து தெரிவது பிழையா, புது வசதிக் கோரிக்கையா?

வணக்கம் நண்பர்களே. கிராபிக்ஸ் புரோகிராமிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

மதுரையில் சுங்குடிச் சேலைக்குப் புள்ளியும் கோடும் வைத்து டிசைன் போடும் வெப்ஜிஎல் (பிரவுசருக்குள் கிராபிக்ஸ் வரையும் தொழில்நுட்பம்) செயலி ஒன்று செய்கிறோம். லைன்விட்த் என்ற அதன் கட்டளை மூலம் கோட்டுக்கு 5 பிக்சல் தடிமன் கொடுக்கிறோம். எங்கள் லினக்ஸ் கணினியில் அப்படியே வருகிறது. சின்னாளபட்டி வாடிக்கையாளரின் விண்டோஸ் குரோமில் முடி மாதிரி 1 பிக்சல்தான். "உங்க சாஃப்ட்வேர்ல பிழை இருக்கு, சரி பண்ணிக் கொடுங்க" என்கிறார்.

வெப்ஜிஎல் வரையறைப்படி 1 பிக்சல் தடிமனுக்கு மட்டும்தான் உத்தரவாதம். அதற்கு மேல் தருவதும் தராததும் அந்தந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்தது. விண்டோஸில் குரோம் வழக்கமாக ஆங்கிள் என்ற இடைநிலை மென்பொருள் வழியாக, விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பான டைரக்ட்3டி-க்குப் போகிறது. அங்கே தடித்த கோடே கிடையாது. எவ்வளவு தடிமன் வரை வரும் என்பதைச் சொல்லும் அலையஸ்டு லைன் விட்த் ரேஞ்ச் மதிப்பைக் கேட்டால் 1 முதல் 1 வரை என்றே பதில். ஆக, பிரவுசர்காரர்களிடம் பிழை என்று பதிந்தால் மூடிவிடுவார்கள். அது நியாயம்தான்.

ஆனால் டிசைன் போடுகிறவர் கேட்ட தடிமன் வரவில்லையே! வரையறையைக் காட்டி அவரிடம் வாதாட எனக்கு மனமில்லை. கோட்டை முக்கோணங்களாக நாங்களே வரையலாம். அப்புறம் முனை, மூலை இணைப்பு எல்லாம் புதிதாக எழுத வேண்டும், கணிசமான வேலை.

எங்கள் ஒப்பந்தத்தில் பிழைத் திருத்தம் இலவசம், புது வசதிக்குக் கட்டணம். நீங்கள் இதை எதில் சேர்ப்பீர்கள்? வாடிக்கையாளரிடம் எப்படி எடுத்துச் சொல்வீர்கள்? மூலை இணைப்பை ஷேடரிலேயே (கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் சிறு நிரலிலேயே) செய்தவர்கள் இருந்தால் அந்த முறையையும் சொல்லுங்கள்.