ஒன்பதாவது படிக்கற பையனுக்கு டிஸ்லெக்சியா, டிசி வாங்கிக்கோங்கன்னு சொல்றாங்க, என்ன பண்றது?

பெரம்பூர்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுத்துக்கோங்க.

என் பையன் ஒன்பதாவது, தமிழ் மீடியம், வடசென்னையில ஒரு எய்டட் ஸ்கூல். சின்ன கிளாஸ்லேர்ந்தே புக்க எடுத்தாலே தலவலி வயித்துவலின்னுவான், நாங்களும் சோம்பேறித்தனம்னு நெனச்சு திட்டி அடிச்சு எல்லாம் பண்ணியாச்சு, இப்ப அத நெனச்சா சோறு எறங்கல. போன மாசம் ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டு போனோம், ரெண்டு நாள் உக்கார வச்சு டெஸ்ட் எடுத்துட்டு ஐக்யூ எல்லாம் நார்மல், இது டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்க எழுத மட்டும் செரமப்படற கற்றல் குறைபாடுன்னு ரிப்போர்ட் குடுத்தாங்க.

இவன் எப்படின்னு புரியணும்னா ஒண்ணு சொல்றேன். காலாண்டு சமூக அறிவியல் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி நான் பீன்ஸ் நறுக்கிட்டிருக்கேன், எதுக்க உக்காந்துகிட்டு எகிப்து பாடத்த அப்படியே கதை மாதிரி சொல்றான், நைல் நதியில வெள்ளம் வந்தா வண்டல் எப்படி படியும், செத்தவங்க உடம்ப எப்படி பதப்படுத்துவாங்கன்னு, எனக்கே அவ்ளோ தெரியாது. மறுநாள் பேப்பர்ல அதே கேள்வி. இவன் எழுதுனது மூணே வரி, அதுல "பிரமிடு" எழுத வேண்டிய எடத்துல "பிமிரடு", "தொடர்ந்து"க்கு "தெடர்து". 100க்கு 19 மார்க். டீச்சர் செவப்பு பேனால "கவனம் தேவை"ன்னு எழுதி அனுப்பிருக்காங்க.

ரிப்போர்ட்ட எடுத்துட்டு ஹெட்மாஸ்டரப் பாக்கப் போனேன். தன்மையா தான் பேசினாரு. "பையன் நல்ல பையன்தாம்மா, ஆனா நம்ம ஸ்கூல் ரிசல்ட்டும் பாக்கணும்ல, முழு ஆண்டு முடிஞ்சதும் டிசி வாங்கிட்டு பிரைவேட்டா எழுத வைங்க, இல்ல ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க"ன்னுட்டாரு. வீட்டுக்காரரும் அதான் சரின்னு சொல்றாரு.

அவங்களா டிசி குடுக்க முடியுமா? பத்தாவதுல பக்கத்துல ஒருத்தர் உக்காந்து எழுதித் தருவாங்கன்னு சொல்றாங்களே அதுக்கு யாரப் பாக்கணும்? இவன் உண்மையிலேயே ஸ்பெஷல் ஸ்கூலுக்கு போக வேண்டிய பையனா? யாராவது இத கடந்து வந்தவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

வேளச்சேரி_எஜுகேட்டர்

மொதல்ல கடைசி கேள்விக்கு பதில் சொல்லிடறேன். ஐக்யூ நார்மல், வாயால பாடத்த முழுசா சொல்றான், அப்ப அவனுக்கு ஸ்பெஷல் ஸ்கூல் எதுக்கு? வேண்டியதே இல்லம்மா. நான் பதினஞ்சு வருஷமா ஸ்பெஷல் எஜுகேட்டரா இருக்கேன், வாரத்துக்கு ஒரு அம்மாவாவது இதே கதையோட வர்றாங்க, ஒன்பதாவது முடியற நேரத்துல தான் கரெக்டா வருவாங்க, ஏன்னா பத்தாவது பப்ளிக், ஸ்கூலுக்கு சென்டம் ரிசல்ட் போர்டு வைக்கணும்.

டிசி விஷயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு, அதுல கற்றல் குறைபாடும் ஒண்ணு. அந்த சட்டத்தோட 16வது பிரிவு, அரசாங்கம் நிதி குடுக்கற அல்லது அங்கீகாரம் குடுத்த எந்த ஸ்கூலா இருந்தாலும் பாகுபாடு இல்லாம சேத்து மத்த பசங்களோட சேத்தே படிக்க வைக்கணும்னு சொல்லுது. உங்களுது எய்டட் வேற. 17வது பிரிவுல கூடுதல் நேரம், எழுதித் தர ஆளு, ரெண்டாவது மூணாவது மொழியிலேர்ந்து விலக்கு, இதெல்லாம் பேர் சொல்லியே இருக்கு. கல்வி உரிமைச் சட்டம் எட்டாவதோட முடிஞ்சுருச்சு இனி எங்களுக்கு சம்பந்தம் இல்லன்னு சில ஸ்கூல்ல சொல்லுவாங்க, அது வேற சட்டம் இது வேற சட்டம், அங்க கோட்டை விட்றாதீங்க.

ஹெட்மாஸ்டர்கிட்ட சண்டை போடாதீங்க. ஒரு லெட்டர் எழுதி, ரிப்போர்ட் காப்பி வச்சு, ஆபீஸ்ல குடுத்து உங்க காப்பில சீல் வாங்கிக்கோங்க. அதுல ஒரு வரி மட்டும் மறக்காம போடுங்க, "என் மகன் இதே பள்ளியில் தொடர்ந்து படிப்பான், மாற்றுச் சான்றிதழ் தருவதாக இருந்தால் காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும்". வாயால சொல்றத எழுத்துல குடுக்க யாருக்கும் கை வராது. அப்பவும் ஒத்து வரலன்னா பீச் ரோட்ல லேடி வெலிங்டன் வளாகத்துல மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் ஆபீஸ் இருக்கு, அங்க மனு குடுக்கலாம். பெரும்பாலும் அதுவரைக்கும் போகாது.

அடுத்தது சர்டிஃபிகேட். பிரைவேட் சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட் மட்டும் பரீட்சைக்கு பத்தாது, அரசு மருத்துவ போர்டு சர்டிஃபிகேட் வேணும், கூடவே யூடிஐடி கார்டுக்கும் (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) ஆன்லைன்ல போட்டுருங்க. சர்டிஃபிகேட்ல குறைபாடு 40 சதவீதமும் அதுக்கு மேலயும் வந்தா தான் சில சலுகை கெடைக்கும், 18 வயசு வரைக்கும் இலவசக் கல்விங்கறது அதுல ஒண்ணு. கற்றல் குறைபாட்டுக்கு ஒரு தடவ பாத்ததோட முடியாது, பின்னாடியும் திரும்ப பாப்பாங்க, உங்க பையனுக்கு இப்பவே பண்ணிடலாம். போர்டுக்கு ஒரே நாள்ல முடிஞ்சுரும்னு போகாதீங்க, ரெண்டு மூணு தடவ அலைய வைப்பாங்க, சாப்பாடு கட்டிக்கிட்டு போங்க.

இதெல்லாம் கைல வந்ததும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு ஹெட்மாஸ்டர் வழியா தான் விண்ணப்பம் போகும். நீங்க நேரா நுங்கம்பாக்கம் போய் நிக்க வேண்டியதில்ல. ஒரு மணி நேரம் கூடுதல், "சொல்வதை எழுதுபவர்", ஒரு மொழிப்பாட விலக்கு, எது வேணுமோ அத கேக்கலாம். மொழி விலக்கு மட்டும் அவசரப்பட்டு வாங்காதீங்க, பின்னாடி எந்த குரூப், எந்த கோர்ஸ்னு யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

ரெமெடியல் கிளாஸுக்கு தி.நகர்ல மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கு, ஒரு தடவ போய் பேசுங்க. வேற எங்க சேத்தாலும் சொல்லிக் குடுக்கறவங்க ஆர்சிஐ-ல (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பண்ணவங்களான்னு நம்பர் கேளுங்க. "மூணு மாசத்துல குணமாக்கறோம்"னு சொல்றவங்ககிட்ட பணத்த கட்டாதீங்க, இது காய்ச்சல் இல்ல.

சாக்பீஸ்_சார்

மேல மேடம் சொன்னது எல்லாம் சரி. நான் அரசு உயர்நிலைப் பள்ளி வாத்தியார், கிளாஸ்ல 45 பேரு, அந்த பக்கத்துலேர்ந்து கொஞ்சம் சொல்றேன், எங்கள திட்டறதுக்கு முன்னாடி இதையும் கேளுங்க :)

பி.எட்.ல இதப்பத்தி ஒரு பேப்பர் படிச்சோம் பாஸ் பண்ணோம், அவ்ளோதான். வட்டார வள மையத்துலேர்ந்து சிறப்புப் பயிற்றுநர் வருவாங்க, ஆனா அவங்க ஒருத்தருக்கு எத்தன ஸ்கூல்! அதனால தினமும் அந்த பையனோட இருக்கறது பாட வாத்தியாருங்க தான், நீங்க ஹெட்மாஸ்டர விட்டுட்டு பாட வாத்தியாருங்கள தனித்தனியா பாருங்க. ரிப்போர்ட்ட நீட்டாதீங்க, இருபது பக்கம் யாரும் படிக்க மாட்டோம் (உண்மைய சொல்றேன்). அரை பக்கத்துல தமிழ்ல எழுதிக் குடுங்க. என் பையனுக்கு இது வரும், இது வராது, இத மட்டும் பண்ணா போதும்.

நான் என்ன பண்றேன்னா, அப்படிப்பட்ட பசங்கள வரிசையா எழுந்து வாசிக்க சொல்ல மாட்டேன். அந்த ஒண்ண நிறுத்துனாலே பாதி பசங்களுக்கு வயித்துவலி போயிரும். வாசிக்க வைக்கணும்னா முந்தின நாளே எந்த பத்தின்னு சொல்லிடுவேன், வீட்ல பாத்துட்டு வருவான். போர்டுல எழுதறத காப்பி பண்ண சொல்லாம பக்கத்து பையன் நோட்ட போன்ல போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிடுவேன். யூனிட் டெஸ்ட்ல கேள்விய நானே ஒரு தடவ சத்தமா வாசிச்சுடுவேன், எல்லாருக்கும் சேத்து, அதனால இவன மட்டும் தனியா காட்டுன மாதிரியும் ஆகாது. சமூக அறிவியல்ல "பிமிரடு"க்கு மார்க் கொறைக்கறது எனக்கு புரியவே இல்ல, நாம சோதிக்கறது எகிப்து தெரியுமான்னு, எழுத்துப்பிழை பாக்க தமிழய்யா இருக்காரே.

ஏன் "தெடர்து"ன்னு எழுதறான்னு நெனைக்கறீங்க? தமிழ்ல "தொ" எழுதணும்னா கொம்பு முன்னாடி, காலு பின்னாடி, நடுவுல எழுத்து. வாயில ஒரே சத்தம், கையில மூணு துண்டு. இவன் மொத ரெண்டு துண்டோட நிப்பான், காலு விட்டுப் போயிரும், புள்ளி வச்ச "ந்"தும் அப்படித்தான் காணாம போகும். அப்புறம் ல ள ழ, ன ண ந. 247 எழுத்தையும் திரும்ப நூறு தடவ எழுத வச்சா மாறாது, கை தான் வலிக்கும். கொம்ப ஒரு கலர்ல, கால இன்னொரு கலர்ல எழுதிக் காட்டுங்க, பெருசா, தரையில சாக்பீஸால கூட எழுத வைங்க. எங்க பசங்க ரெண்டு பேருக்கு இது வேல செஞ்சுது, ஒருத்தனுக்கு செய்யல, அதையும் சொல்லிடறேன்.

புக்குல க்யூஆர் கோடு இருக்கு பாருங்க, அத ஸ்கேன் பண்ணா வீடியோ வரும், கேட்டு படிக்கற பையனுக்கு அது பெரிய உதவி. இல்லன்னா நீங்களே பாடத்த வாசிச்சு போன்ல ரெகார்ட் பண்ணிக் குடுங்க, அம்மா கொரல்ல கேட்டா இன்னும் நல்லா ஒட்டும்.

பழைய_கடைசி_பெஞ்ச்

நான் அந்த பையன் தான் சிஸ்டர். இப்ப வயசு 29, கிண்டியில ஒரு கம்பெனில சிஎன்சி மெஷினுக்கு (கம்ப்யூட்டர் சொல்றபடி ஓடற மெஷின்) புரோகிராம் போடறேன். எனக்கும் பத்தாவதுல எழுதித் தர ஆள் குடுத்தாங்க, அதப்பத்தி யாரும் சொல்லாத ஒண்ண சொல்றேன்.

எழுத ஆள் வந்துட்டா எல்லாம் சரியாயிரும்னு எங்க வீட்லயும் நெனச்சாங்க. மொத பரீட்சை தமிழ். தனி ரூம், ஒரு டேபிள், வேற ஸ்கூல்லேர்ந்து ஒரு டீச்சர் வந்திருந்தாங்க, நல்லவங்க, மொறச்சு கூட பாக்கல. கேள்விய வாசிச்சாங்க. எனக்கு பதில் தெரியும். ஆனா வாய் வரல. ஒரு டீச்சர் முன்னாடி உக்காந்து நான் சொல்ல அவங்க எழுதறதுங்கறது அதுவரைக்கும் கனவுல கூட இல்ல. நான் கடகடன்னு சொல்லிட்டே போறேன், அவங்க "கொஞ்சம் நிறுத்துப்பா, திரும்ப சொல்லு"ங்கறாங்க, திரும்ப சொல்லும்போது வேற வாக்கியம் வருது, ரெண்டும் கலந்து போச்சு. அவங்க பேனா நின்னா தப்பா சொல்லிட்டோமோன்னு பயம். கூடுதல் ஒரு மணி நேரத்துல பாதி இப்படியே போச்சு. தமிழ்ல 41. கடைசி பரீட்சை வரும்போது பழகிட்டேன், சமூக அறிவியல்ல 78. படிச்சது ரெண்டுக்கும் ஒரே அளவு தான்.

அதனால இப்ப ஒன்பதாவதுலயே ஆரம்பிச்சுடுங்க. அரையாண்டுக்கே எழுதித் தர ஆள் கேளுங்க, குடுக்கலன்னா வீட்ல நீங்க எழுதுங்க, அவன் சொல்லட்டும், வாக்கியம் வாக்கியமா நிறுத்தி சொல்ல பழகணும். அம்மாவே எப்பவும் எழுதக் கூடாது, பக்கத்து வீட்டு அக்கா, அத்த, யாராவது புதுசா ஒருத்தர உக்கார வைங்க. கணக்குல படம் வரையறது, கிராஃப் எல்லாம் எப்படி சொல்லணும்னு தனியா பழகணும், "அந்த கோட்ட இங்க போடுங்க"ன்னு கை காட்டிட்டே இருந்தேன் நான்.

இன்னொண்ணு. அடிச்சத நெனச்சு அழாதீங்க. எங்க அம்மாவும் அடிச்சாங்க, அப்புறம் ஒரு நாள் எனக்கு என்னன்னு சரியா தெரிஞ்சதும் உக்கார வச்சு "தெரியாம பண்ணிட்டேன்டா"ன்னு சொன்னாங்க. எனக்கு அந்த நாள் தான் ஞாபகம் இருக்கு. நீங்க இன்னும் சொல்லலன்னா சொல்லிடுங்க.

கொளத்தூர்_ரெண்டு_பசங்க

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், திட்டாதீங்க. ஹெட்மாஸ்டர் சொன்ன மாதிரி ஸ்கூலுக்கு போகாம எழுதறது, ஓபன் ஸ்கூல்னா ஏதோ தண்டனை மாதிரி பேசறோம். என் பொண்ணு என்ஐஓஎஸ்ல (மத்திய அரசோட ஓபன் ஸ்கூல்) தான் பத்தாவது முடிச்சா. அஞ்சு பாடம் தான், ஒரு மொழி இருந்தா போதும், ஓவியம் கூட ஒரு பாடமா எடுக்கலாம். ஒரு தடவ சேந்தா 5 வருஷம் டைம், 9 தடவ எழுதலாம், ஒவ்வொரு பாடமா முடிச்சுக்கலாம். அவளுக்கு மூச்சு வந்துச்சு.

ஆனா ஒண்ணு, அத நாங்களா தேடிப் போனோம். ஸ்கூல் தள்ளிவிட்டு போகல. அதோட பெரிய கஷ்டம் என்னன்னா ஃபிரெண்ட்ஸ். பதினஞ்சு வயசுல காலையில எழுந்து யூனிஃபார்ம் போட்டு போக எடம் இல்லன்னா எப்படி இருக்கும்? ஒரு வருஷம் வீட்லயே இருந்தா, ரொம்ப சுருங்கிட்டா. உங்க பையனுக்கு அந்த ஸ்கூல்ல கூட்டாளிங்க இருக்காங்கன்னா மொதல்ல அங்கயே போராடிப் பாருங்க, இது ரெண்டாவது வழியா கைல இருக்கட்டும். அவன்கிட்டயும் ஒரு வார்த்த கேளுங்க, உங்க போஸ்ட்ல அவன் என்ன சொன்னான்னு ஒரு எடத்துலயும் இல்லயே?

பெரம்பூர்_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு மூணு தடவ படிச்சேன், வீட்டுக்காரருக்கும் வாசிச்சுக் காட்டினேன். கொளத்தூர் சிஸ்டர், நீங்க கேட்டது சுருக்குன்னு இருந்துச்சு, உண்மையிலேயே நான் கேக்கல. நேத்து கேட்டேன். "நான் இங்கயே இருக்கேம்மா, வாலிபால் டீம்ல இருக்கேன்ல"ன்னான். அவன் டீம்ல இருக்கறதே எனக்கு இப்பதான் தெரியும்.

லெட்டர் குடுத்தாச்சு. ஹெட்மாஸ்டர் ரெண்டு தடவ படிச்சுட்டு "டிசி பத்தி நான் சும்மா ஒரு யோசனையா தான் சொன்னேன்"ன்னாரு, சீல் போட்டுக் குடுத்துட்டாரு. சமூக அறிவியல் டீச்சர்கிட்ட அரை பக்க பேப்பர் குடுத்தேன், அவங்க அங்கயே நின்னு படிச்சுட்டு அரையாண்டுல இவன தனியா கூப்ட்டு வாயால கேக்கறேன்னு சொல்லிருக்காங்க. கணக்கு சார் இன்னும் பிடி குடுக்கல. மருத்துவ போர்டுக்கு அடுத்த வாரம் போறோம்.

ராத்திரி இவன் சொல்ல எங்க நாத்தனார் எழுதினாங்க. ரெண்டாவது கேள்வியிலயே ரெண்டு பேருக்கும் சண்ட வந்துருச்சு, "அத்த நீங்க ரொம்ப ஸ்லோ"ங்கறான் :) சாக்பீஸ் சார், நான் பாடத்த ரெகார்ட் பண்ணா பத்து நிமிஷத்துக்கு மேல ஃபைல் வாட்ஸ்அப்ல இவன் போனுக்கு போய் தொலைஞ்சு போகுது, எந்த பாடம் எதுன்னு தேட முடியல. ஒவ்வொரு பாடமா பேர் போட்டு வைக்க நீங்க எத யூஸ் பண்றீங்க?