நான்கு கட்டங்கள், அதில் ஒன்று வடதுருவத்துக்குப் போகிறது

நாகலூர் மிளகுக்காரி கேட்டது:

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். காப்பிச் செடி, நிழலுக்குச் சில்வர் ஓக், அந்த மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. மிளகைக் காயவைத்துக் கால் கிலோப் பொட்டலமாகக் கட்டி விற்கிறேன். அதில் ஒட்டச் சேலத்தில் ஓர் அச்சகத்தில் இரண்டாயிரம் ஸ்டிக்கர் அடித்தேன். ஒவ்வொன்றிலும் நான்கு க்யூஆர் கட்டம்: இணையதளம், தொலைபேசி, தோட்டத்துக்கு வழி, பணம்.

பணம் செலுத்தும் கட்டம் மட்டும் பிசகாமல் வேலை செய்கிறது. இணையதளக் கட்டம் ஆறு மாதம் ஓடியது. என் அக்கா மகன் தளத்தை ‘ஒழுங்குபடுத்திய’ நாளிலிருந்து 404 என்கிறது. தொலைபேசிக் கட்டம் இங்கே அழுத்தினால் எனக்கு மணி அடிக்கிறது, சிங்கப்பூர் வாடிக்கையாளர் அழுத்தினால் அடிப்பதில்லை. வழிக் கட்டம்தான் மானத்தை வாங்கிவிட்டது. கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறி வந்த ஒரு குடும்பம் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் நின்றுகொண்டு, “அம்மா, உங்கள் தோட்டத்தைப் பனிக்கடல் ஓரமாகக் காட்டுகிறதே” என்று போன் செய்தது.

எறும்பு கலைத்த கோலம் போல நான்கும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இது பணம், இது வழி என்று போனுக்கு எப்படித் தெரிகிறது? இன்னும் ஆயிரத்து நூறு ஸ்டிக்கர் மீதி. கிழித்துப் போட மனம் வரவில்லை. கூகுளில் பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள் என்று யாரும் தயவுசெய்து எழுத வேண்டாம்.

ஐந்து ரோடு சர்வர்காரன் எழுதியது:

அக்கா, கட்டத்துக்குள் இருப்பது வெறும் எழுத்து வரிசை. அதில் முதல் முக்காற்புள்ளிக்கு முன்னால் இருக்கும் சொல்லை வைத்துத்தான் போன் முடிவு செய்கிறது. அந்தச் சொல்லுக்கு ஸ்கீம் என்று பெயர். ‘டெல்’ என்றிருந்தால் எண் அழுத்தும் பலகை திறக்கும். ‘மெயில்டு’ என்றால் மின்னஞ்சல், ‘யூபிஐ’ என்றால் பணச் செயலி, ‘எச்டிடிபிஎஸ்’ என்றால் பிரவுசர். ‘ஜியோ’ என்றால் வரைபடம். சிம் விற்கும் ஜியோ வேறு. முக்காற்புள்ளிக்குப் பின்னால் வருவதை எப்படிப் படிப்பது என்பது ஸ்கீமுக்கு ஸ்கீம் மாறும். உங்கள் வழிக் கட்டம் தடம் புரண்டது அங்கேதான்.

ஜியோவில் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு. ஏற்காடு ஏறக்குறைய 11.78, 78.20. இதைத் திருப்பிப் போட்டால் வடக்கே 78.20 பாகை, கிழக்கே 11.78 பாகை: நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கரையோரம். பனிக்கடல் பொய் இல்லை! சில கோப்பு வடிவங்களில் தீர்க்கரேகையை முதலில் எழுதுவார்கள், அப்படி ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள். அட்சரேகை 90-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. 78 அதற்குள் அடங்கிவிட்டதால் போனும் மறுப்புச் சொல்லவில்லை. சென்னையாக இருந்தால்கூட 80.27தான், அதுவும் தப்பித்திருக்கும்.

தொலைபேசிக் கட்டத்தில் 04281 என்று சுழியத்தோடு எழுதியிருப்பீர்கள். அந்தச் சுழியம் நம் நாட்டுக்குள் மட்டும் செல்லும். கூட்டல் குறி, 91, பிறகு சுழியம் இல்லாமல் 4281 என்று தொடங்கினால் எந்த நாட்டிலிருந்தும் மணி அடிக்கும். இந்த இரண்டும் அச்சிலேயே இருக்கும் தவறு, மேலே ஒட்டித்தான் மறைக்க வேண்டும். இணையதளக் கட்டத்தைத் தொடாமலே காப்பாற்றலாம். அந்த முகவரியைச் சொல்லுங்கள்.

நாகலூர் மிளகுக்காரி:

தம்பி, முகவரியின் நடுவில் ‘புதியது2’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. இப்போது ‘கடை’ என்று மாற்றிவிட்டானாம். கடைசித் துண்டு தமிழில் ‘ஏற்காடு-மிளகு’. அந்தக் கட்டம் மட்டும் மற்றவற்றைவிட நெருக்கமாக, பொடிப்பொடியாக இருக்கிறது. வெயிலில் சுருங்கிய பொட்டலத்தில் கேமரா படிக்கவே திணறுகிறது.

ஓய்வுபெற்ற ஆர்எம்எஸ்காரர்:

அம்மணி, ஆர்எம்எஸ் என்னும் ரயில்வே தபால் சேவையில், சேலம் ஜங்ஷனில் இரவு ஷிப்டில் தபால் பிரித்தவன் நான். 404 என்றால் கலங்க வேண்டாம். ஊரும் தெருவும் சரி, அந்தக் கதவு எண்ணில் ஆள் இல்லை என்று தபால்காரர் உறையில் எழுதித் திருப்புவாரே, அதுதான். தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வர் பதில் சொன்னதால்தானே 404 என்றே தெரிகிறது.

இங்கே எத்தனை வீட்டு வாசலில் ‘பழைய எண் 14, புதிய எண் 52’ என்று பலகை இருக்கிறது பாருங்கள். பழைய எண்ணை அழித்துவிட்டால் அரை ஊர்க் கடிதம் அலையும். உங்கள் அக்கா மகன் பலகை மாட்ட மறந்துவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். உறையை நாங்கள் கீழிருந்து படிப்போம். 636601 என்றால் முதலில் 6, பிறகு 636, கடைசியில்தான் ஏற்காடு ஆபீஸ். வலை முகவரியில் தளத்தின் பெயர் நம் விலாசம் போலச் சின்னதில் தொடங்கி நாட்டைக் குறிக்கும் ‘இன்’ என்ற பெரியதில் முடிகிறது. சாய்கோடு தாண்டியதும் தலைகீழாகப் பெரிய ஃபோல்டரில் தொடங்கிச் சின்னதில் முடிகிறது. இதை எழுதியவர் இரண்டு மனமாக இருந்தாரா?

ஐந்து ரோடு சர்வர்காரன்:

ஐயா, இரண்டு வீட்டுச் சரக்கு அது. தளங்களுக்குப் பெயர் வைக்கும் டொமைன் பெயர்முறை 1983-இல் வந்தது. சாய்கோட்டு ஃபோல்டர் வரிசை யூனிக்ஸ் கணினிகளின் பழக்கம். டிம் பெர்னர்ஸ்-லீ வலையை உருவாக்கியபோது இரண்டையும் அப்படியே ஒட்டவைத்தார். முன்னால் வரும் இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று 2009-இல் அவரே சொன்னார்.

நீங்கள் சொன்ன பழைய எண் பலகைக்கு எங்கள் பெயர் 301, நிரந்தரமாக இடம் மாறியது என்று பொருள். அக்கா, ‘புதியது2’ கேட்டு வருபவர்களை ‘கடை’க்கு அனுப்பச் சொல்லி உங்கள் அக்கா மகன் சர்வரில் ஒரு வரி எழுதினால் ஆயிரத்து நூறும் உயிர் பெறும்.

கட்டம் பொடியானதற்குத் தமிழைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் காரணம் அதுதான். முகவரிக்குள் தமிழ் அப்படியே போகாது. ‘ஏற்காடு’ என்பதில் புள்ளியும் துணைக்காலும் உகரக் குறியும் சேர்த்து ஏழு குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகு), ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. ஆக 63 எழுத்து, ஊர்ப் பெயருக்கு மட்டும்! எழுத்து கூடக் கூடக் கட்டம் நெருங்கும்.

அடுத்த முறை அச்சடிக்கும்போது பணத்தைத் தவிர மற்றவற்றுக்கு ஒரே கட்டம் போதும். உங்கள் தளத்தின் பெயர், ஒரு சாய்கோடு, பொட்டலத்தின் வரிசை எண். ஃபோல்டர் பெயர், வருடம், ‘புதியது’ எதுவும் வேண்டாம். புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் என்று ஓர் அடையாள எண் இருக்கிறதே, அது எந்த அலமாரி என்று சொல்லாது, எந்தப் புத்தகம் என்று மட்டும் சொல்லும். அப்படி இடம் சொல்லாத பெயர்களுக்கென்றே ‘யூஆர்என்’ என்று ஒரு ஸ்கீம் உண்டு, ஆனால் அதைக் கட்டத்தில் போட்டால் போன் திருதிருவென விழிக்கும். அதனால் பெயர் போல மாறாத விலாசமாக ஒன்றை வைத்துக்கொள்வதே நமக்குத் தோது. வழியும் தொலைபேசியும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும், தப்பானால் அங்கே திருத்தலாம். டொமைனுக்கு வருட வாடகை கட்ட மட்டும் மறக்காதீர்கள். விட்டால் வேறு யாராவது எடுத்து, உங்கள் பொட்டலத்திலிருந்து அவர் கடைக்கு ஆள் அனுப்புவார்.

நாகலூர் மிளகுக்காரி:

301 எழுதிவிட்டான். களத்தில் நின்று நானே மூன்று பொட்டலத்தில் பார்த்தேன், திறக்கிறது. வழிக்கும் தொலைபேசிக்கும் வெள்ளைத்தாள் வெட்டி மாமியாரும் நானும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம், முந்நூறு முடிந்தது. வரிசை எண்ணைக் காயவைத்த தேதியாக வைக்கலாமா, பறித்த தேதியாகவா என்று வீட்டில் சண்டை நடக்கிறது. ஐயா, உங்கள் விலாசம் தனிச்செய்தியில் அனுப்புங்கள், கால் கிலோ தபாலில் வரும்.