வருடத்துக்கு நாலு கட்டுரை எழுதாதவர் பேராசிரியர் இல்லையா?

மைக்கூடு:
நேற்று இன்னொரு இழையில் அளவுகோல் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "வருடத்துக்கு நான்கு ஆய்வுக் கட்டுரை வெளியிடாத பேராசிரியர் நாற்காலியைக் காலி செய்யட்டும், பாடம் நடத்த வீடியோ போதும்." படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்கு ஒரே ஒரு பெயர் சொல்கிறேன். பீட்டர் ஹிக்ஸ், பிரிட்டன் இயற்பியலாளர். 1964-ல் இரண்டு சின்னக் கட்டுரைகள், துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பது பற்றி. இரண்டாவதை ஓர் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது, கொஞ்சம் சேர்த்து எழுதி வேறு இதழுக்கு அனுப்பினார். 2013-ல் நோபல். 64-க்குப் பிறகு அவர் வெளியிட்டவை பத்துக்கும் குறைவு. "சமீபத்திய கட்டுரைகளின் பட்டியல் கொடுங்கள்" என்று துறையிலிருந்து கேட்டால் "ஒன்றும் இல்லை" என்று பதில் போடுவாராம். இன்றைய காலமாக இருந்தால் எனக்கு வேலையே கிடைத்திருக்காது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். இப்போது சொல்லுங்கள், அந்த நாற்காலியையும் காலி செய்யச் சொல்வீர்களா?

அளவுகோல்:
பத்துக்கும் குறைவு என்றால் எத்தனை? ஒன்பதா, ஆறா? எண் தெரியாமல் எண்ணிக்கை பற்றிப் பேச வந்துவிட்டீர்களே, அதுதான் அழகு.

மைக்கூடு:
ஒன்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்குப்படி இரண்டே கால் வருட வேலை. போதுமா?

அளவுகோல்:
போதாது. எந்த ஒன்பது? மாநாட்டில் படித்த உரை சேருமா, சேராதா? நான் கேட்டது சின்னக் கேள்வி, நீங்கள் பதில் சொல்லாமல் நழுவுகிறீர்கள். அப்புறம், ஹிக்ஸ் ஒருத்தர். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு எத்தனை பேர் முப்பது வருடமாக அதே மஞ்சள் நோட்டை வாசித்துவிட்டு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று தெரியுமா? எழுதாத எல்லாரும் ஹிக்ஸ் ஆகிவிட முடியாது.

தூசிதட்டி:
எழுதுகிற எல்லாரும் மட்டும் ஹிக்ஸா? கடவுள் துகளைக் கண்டுபிடித்த மனிதரை வைத்து நோட்டுப் புத்தகச் சண்டை போடுகிறீர்கள்.

மைக்கூடு:
தூசிதட்டி, நீங்கள் என் பக்கம் என்று தெரிகிறது, இருந்தாலும் "கடவுள் துகள்" என்று சொல்லாதீர்கள். ஹிக்ஸ் துகளுக்கு ஒட்டிக்கொண்ட அந்தப் பெயர் ஹிக்ஸுக்கே பிடித்ததில்லை. அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவராக இருந்தார். துகளை அவர் கண்டுபிடிக்கவும் இல்லை, இருக்க வேண்டும் என்று காகிதத்தில் காட்டினார். 2012 ஜூலை 4 அன்றுதான் ஜெனீவா அருகே இருக்கும் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அது அகப்பட்டதாக அறிவித்தார்கள்.

தூசிதட்டி:
ஆதரவு சொன்னவனுக்கே பாடமா? போன மாதம் தேர்வு முறை பற்றிய இழையிலும் இதையேதான் செய்தீர்கள். நான் மறக்கவில்லை. நடத்துங்கள்.

வாசல்படி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முதலில் "கட்டுரை" என்று எதைச் சொல்கிறோம் என்று பேசிக்கொள்ளலாமா? கணிதத்தில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு ஒன்று எழுதினாலே பெரிய விஷயம். ஆய்வகம் வைத்திருப்பவர் பெயர் மாணவர்கள் எழுதும் அத்தனையிலும் வரும். வரலாற்றுக்காரர் பத்து வருடம் உட்கார்ந்து ஒரு புத்தகம் போடுவார். எல்லாரையும் ஒரே தராசில்...

அளவுகோல்:
இலக்கணம் பிறகு பார்க்கலாம் வாசல்படி. அவர் முதலில் எண்ணைச் சொல்லட்டும்.

மைக்கூடு:
எண் மேல் அவ்வளவு ஆசை என்றால் இந்தாருங்கள் எண். 2015-ல் அதே ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து இரண்டு ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து ஒரு கட்டுரை போட்டன. ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கம், அதில் விஷயம் 9 பக்கம், மீதி 24 பக்கமும் பெயர்ப் பட்டியலும் நிறுவனப் பட்டியலும்தான். அவர்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை, அவ்வளவு பேர் இல்லாமல் அந்த இயந்திரம் ஓடாது. ஆனால் உங்கள் அளவுகோலில் அந்த 5,154 பேருக்கும் தலா ஒரு கட்டுரை. தனியாக உட்கார்ந்து யோசித்தவருக்கும் ஒரு கட்டுரை.

இன்னொன்று. 2009-ல் படிகவியல் இதழ் ஒன்றின் இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது அதன் கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற கணக்கு, சுமார் 2-லிருந்து கிட்டத்தட்ட 50-க்குப் போனது. அந்த இதழில் எல்லாரும் திடீரென்று மேதையாகிவிட்டார்களா? இல்லை. படிக அமைப்பைக் கணக்கிட ஊரெல்லாம் பயன்படுத்தும் ஒரு மென்பொருளைப் பற்றி முந்தைய வருடம் ஒரே ஒரு கட்டுரை வந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் எல்லாரும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள். அந்த ஒன்றுக்காக அந்த இதழில் எழுதிய மற்றவர்கள் மார்க்கும் ஏறிவிட்டது. முதல் பெஞ்சுக்காரன் நூறு வாங்கினதற்கு வகுப்புக்கே ரேங்க் கொடுத்த கதை.

அளவுகோல்:
நீளமாக எழுதிவிட்டால் சரியாகிவிடாது. எண்ணிக்கை வேண்டாம் என்றால் வேறு என்ன வைத்துப் பதவி உயர்வு தருவீர்கள்? துறைத்தலைவரின் பையைத் தூக்குகிறவனுக்கா? அந்தக் காலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆள் முகம் பார்த்து மார்க் போட்டார்கள். கட்டுரை எண்ணிக்கை வந்த பிறகுதான் சிபாரிசு இல்லாதவனும் தலை தூக்கினான். உங்களுக்கு அது உறுத்துகிறது. ஹிக்ஸ் எத்தனை?

ஏழாம்ஆண்டு:
நான் பிஎச்டி ஏழாவது வருடம், பெயரிலேயே இருக்கிறது. அளவுகோல் சார், சிபாரிசு போகவில்லை, கட்டுரைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. என் முதல் கட்டுரையில் கைடு பெயர் முதலில், என் பெயர் மூன்றாவது, நடுவில் இருப்பவரை நான் பார்த்ததே இல்லை. இரண்டாவதை ஒரு இதழ் நாலே நாளில் ஏற்றுக்கொண்டது. ஏற்புக் கடிதத்தில் என் தலைப்பையே தப்பாக எழுதியிருந்தார்கள். இப்போது மூன்றாவது. இதழுக்காக அதை மதிப்பிடும் ரெவ்யூவர் 11 கட்டுரைகளைக் கொடுத்து "இவற்றை மேற்கோள் காட்டினால் கட்டுரை வலுப்பெறும்" என்று எழுதியிருக்கிறார். பதினொன்றும் ஒரே ஆள் எழுதியது. ஒன்று மீன் வளர்ப்பு பற்றியது. என் ஆய்வு கான்கிரீட் விரிசல். இரண்டு வாரத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். சேர்க்கவா, வேண்டாமா?

மைக்கூடு:
பார்த்தீர்களா அளவுகோல், உங்கள் தராசு பெற்ற பிள்ளை இது! 2023-ல் உலகம் முழுக்க 10,000-க்கும் மேல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் 8,000-க்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. யாரோ பட்டறை போட்டு எழுதி விற்க, யாரோ பதவிக்காக வாங்கியிருக்கிறார்கள். பட்டறை ஏன் முளைத்தது? வருடத்துக்கு நாலு வேண்டும் என்று உங்களைப் போன்றவர்கள் கேட்டதால். இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று 2012-லேயே சான் பிரான்சிஸ்கோவில் கூடிப் பேசி அறிக்கை தயாரித்தார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் ஆள் எடுப்பதிலும் பதவி உயர்விலும் அதைக் கைவிடுவதாக 2021-ல் சொல்லிவிட்டது. நீங்கள் இன்னும் படிக்கல்லைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அளவுகோல்:
திருடன் இருக்கிறான் என்பதற்காக வீட்டுக்குக் கதவே வேண்டாம் என்கிறீர்கள். கள்ளக் கட்டுரையைப் பிடித்தது யார்? எண்ணிக்கையையும் மேற்கோளையும் அலசிப் பார்க்கிறவர்கள்தானே. மற்றபடி என் கேள்வி அப்படியே நிற்கிறது. "பத்துக்கும் குறைவு" என்று அடித்துச் சொன்னீர்கள். பட்டியல் எங்கே?

தூசிதட்டி:
அவரிடம் பட்டியல் இருக்காது. "ஒன்றும் இல்லை" என்று பதில் போடுவார் பாருங்கள், ஹிக்ஸ் மாதிரி.

மைக்கூடு:
தூசிதட்டி, நீங்கள் இப்போது எந்தப் பக்கம்?

தூசிதட்டி:
எந்தப் பக்கமும் இல்லை. "கடவுள் துகள்" என்று எழுதியதற்கு நீங்கள் கொடுத்த மரியாதையை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வாசல்படி:
மீண்டும் மன்னிக்கவும். வகுப்பெடுப்பது பற்றி யாருமே பேசவில்லையே? அளவுகோல் முதலில் சொன்னதே "வீடியோ போதும்" என்பதுதான். அதற்கல்லவா மைக்கூடு கோபப்பட்டிருக்க வேண்டும்?

மைக்கூடு:
எதற்குக் கோபப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் அட்டவணை போட்டுத் தர வேண்டாம். 1964-க்குப் பிறகு பத்துக்கும் குறைவு. திரும்பவும் சொல்கிறேன், பத்துக்கும் குறைவு. 2013 டிசம்பரில், நோபல் வாங்கப் போகிற வழியில் கொடுத்த பேட்டி வந்த செய்தியிலேயே இருக்கிறது. 1980-ல் நோபலுக்குப் பெயர் போயிருக்காவிட்டால் துறையில் தன்னை எப்போதோ வெளியே அனுப்பியிருப்பார்கள் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்.

அளவுகோல்:
ஆக, பரிசு வரும் என்று நம்பி வைத்திருந்தார்கள். அதுவும் ஒரு கணக்குதானே! நீங்களே என் வாதத்தை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி.

மைக்கூடு:
இதைத்தான் குதர்க்கம் என்பார்கள். நீங்கள் இதுவரை எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.

அளவுகோல்:
அது இங்கே தேவையில்லாத கேள்வி.

மைக்கூடு:
ஓகோ.

ஏழாம்ஆண்டு:
அண்ணன்மார்களே, அந்த 11 மேற்கோள்? மீனை மட்டுமாவது விட்டுவிடலாமா?

அளவுகோல்:
"ஓகோ" என்றால் என்ன அர்த்தம்? என் எண்ணிக்கை ஹிக்ஸை விட அதிகம், அது மட்டும் சொல்வேன்.

தூசிதட்டி:
ஹிக்ஸ் எண்ணிக்கைதான் தெரியாது என்றீர்களே?