எலும்புத்தூளும் வேமும் போட்டேன், வெங்காயம் ஏன் எழும்பவில்லை?

கரிசல்காட்டான்:
பெரம்பலூர் பக்கம் கரிசல் நிலம். மண் பரிசோதனையில் கார அமில நிலை 8.3 என்று வந்தது. அரை ஏக்கர் சின்ன வெங்காயம். இந்த முறை டிஏபி ரசாயன உரம் வேண்டாம் என்று 100 கிலோ எலும்புத்தூளும் 5 கிலோ வேமும் (வேரோடு கூடி வாழும் பூஞ்சை உரம், VAM) போட்டேன். வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் வழக்கம்போல டிஏபி. முப்பது நாள் ஆச்சு, அவருடையது கரும்பச்சை. என்னுடையது ஒரு சாண்கூட வரவில்லை, தாள் நுனி காய்கிறது. "காளானுக்குச் சோறு போட்டே, வெங்காயம் எங்கடா?" என்று தினமும் கேட்கிறார். வேம் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்துக் கொடுக்கும் என்றுதான் கடையில் சொன்னார்கள். சரக்கே போலியா?

தோட்டத்துப்பையன்:
மணிச்சத்தைக் கரைக்கிற பாஸ்போபாக்டீரியா சேர்த்தீங்களா? நான் தொழுவுரத்தில் கலந்துதான் போடுவேன்.

மண்கூடத்து அக்கா:
கடையில் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள் தம்பி. நான் பல வருஷம் மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள், இந்தக் கேள்வி வாரம் ஒன்று வரும்.

வேம் சுமைகூலி ஆள், கல்லுடைக்கிற ஆள் இல்லை. மணிச்சத்து மண்ணில் நகராது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை உறிஞ்சிவிட்டால் அதற்கப்புறம் அங்கே காலி. பூஞ்சை இழை தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிசு. அது சில சென்டிமீட்டர் தள்ளிப்போய் எடுத்துவந்து வேருக்குள் இறக்கும். வெங்காயத்துக்கு வேரும் குறைவு, வேர்த்தூவியும் இல்லாத மாதிரிதான். அதனால் மற்ற பயிரைவிட அதற்கு இந்த ஆள் ரொம்பத் தேவை.

ஆனால் சுமக்கச் சுமை வேண்டுமே. எலும்பில் இருப்பது கால்சியம் பாஸ்பேட். நீலகிரியின் புளிப்பு மண்ணில் அது மெல்லக் கரையும். உங்கள் 8.3 கார மண்ணில், அதிலும் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல் கிடக்கிற கரிசலில், அப்படியே கிடக்கும். ஒரு பிடி மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. இழையை ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் கொஞ்சம் கரைக்கும், தோட்டத்துப்பையன் சொன்னது அந்த வகையில் சரி. இந்த மண்ணில் முப்பது நாளுக்குள் அது போதாது.

மூன்று கேள்வி. முன்பயிர் என்ன? வேமை எங்கே போட்டீர்கள்? விதை வெங்காயத்தை எதிலாவது நனைத்தீர்களா?

கரிசல்காட்டான்:
முள்ளங்கி. எருவோடு கலந்து தூவிவிட்டேன். அழுகல் வராமல் இருக்க கார்பன்டசிம் பூஞ்சைக்கொல்லியில் நனைத்தேன்.

மண்கூடத்து அக்கா:
மூன்றிலும் மாட்டிக்கொண்டீர்கள். முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோஸ் எல்லாம் ஒரே குடும்பம். அவை இந்தப் பூஞ்சையை வேருக்குள் சேர்ப்பதில்லை, ஆகவே போன பட்டத்தில் அது பெருகவில்லை. மக்காச்சோளம் நின்ற நிலமாக இருந்தால் கதை வேறு. தூவிய வேம் வேரைச் சந்திக்கவே நாளாகும், விதைக்கு 2-3 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். கார்பன்டசிம் அழுகல் பூஞ்சையோடு இதையும் அடிக்கும். சரக்கைக் குறை சொல்லும் முன்னால் இதைப் பாருங்கள்.

இப்போதைக்குப் பயிரைப் பட்டினி போடாதீர்கள். கரையும் மணிச்சத்து கொஞ்சமாகக் கொடுங்கள். அண்ணன் அளவு வேண்டாம். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துவிடும், பூஞ்சையும் ஒதுங்கிவிடும்.

அடுத்த பட்டத்துக்கு எலும்புத்தூளை இப்போதே குப்பைக்குழியில் போட்டு மக்க விடுங்கள்.

தோட்டத்துப்பையன்:
அக்கா, கழிவுநீரிலிருந்து எடுக்கிற ஸ்ட்ரூவைட் உரம் பற்றிச் சொல்கிறார்களே?

மண்கூடத்து அக்கா:
சுத்திகரிப்பு நிலையக் குழாயை அடைக்கிற அதே உப்பு. சிறுநீரகக் கல்லிலும் ஒரு வகை அதுதான். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட். தண்ணீரில் மட்டாகத்தான் கரையும், வேரோரப் புளிப்பில் நன்றாகவே கரையும். கார மண்ணில் குருணையைவிடத் தூள் மேல். எலும்பைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். நம் ஊர்க் கடையில் கேட்டால் முழிப்பார்கள்.

கரிசல்காட்டான்:
பூஞ்சை வேரில் ஏறியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மண்கூடத்து அக்கா:
வெறும் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய வேரை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வெளுக்கச் சூடாக்கி, கழுவி, வினிகரில் கலந்த பேனா மையில் மூன்று நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். நுண்ணோக்கியில் வேர்ச் செல்லுக்குள் நீலமாகக் குட்டி மரம் கிளைவிட்டு நிற்கும். காரத்தை மட்டும் கையால் தொடாதீர்கள், பள்ளி ஆய்வகத்தில் கேட்டுச் செய்யுங்கள். அண்ணன் வயல் வேரிலும் ஒன்று எடுத்துப் போங்கள்.

கரிசல்காட்டான்:
சரிங்கக்கா. அவருக்குத் தெரியாமல்தான் பிடுங்க வேண்டும்.